மலேரியா மருந்து மூளையைக் காக்குமா? அப்பாவுக்கு மெத்திலீன் ப்ளூ கொடுக்கச் சொல்கிறார்கள்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. பார்க்கின்சன் இருக்கிறது, சின்டோபா சாப்பிடுகிறார். மனச்சோர்வும் சேர்ந்துகொண்டதால் நரம்பியல் டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடை பரவாயில்லை. கை நடுக்கம் மட்டும் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். மெத்திலீன் ப்ளூ அந்தக் காலத்து மலேரியா மருந்தாம். மூளை செல்களில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அது தடுக்குமாம். தினமும் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குடித்தால் பார்க்கின்சன், அல்சைமர் இரண்டுமே மட்டுப்படுமாம். அத்தையோ, "எச்.சி.க்யூ.வும் (ஹைட்ராக்சிகுளோரோகுயின்) மலேரியா மாத்திரைதானே, கொரோனா சமயத்தில் வாங்கியது அப்படியே இருக்கிறது, அதைக் கொடுத்துப் பார்க்கலாமே" என்கிறார்.

சும்மா ஒதுக்கிவிட மனமில்லாமல் நானும் தேடிப் பார்த்தேன். குளோரோகுயின், குயினாக்ரின், ஆர்ட்டிமிசினின் என்று மலேரியா மருந்துகளைப் பற்றி வரிசையாக ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. நரம்பு செல்லைக் காக்கிறது என்றுதான் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறது. இத்தனை பேர் சொல்வதில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? ஆனால் அப்பா உடம்பில் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். வீடியோ அனுப்பிய அந்தத் தம்பி எங்களைக் கேட்காமலே ஒரு பாட்டில் ஆர்டர் போட்டு, அது வீட்டுக்கு வந்தும்விட்டது.

மருந்தாளுநர் செல்வி:

முதலில் அந்தப் பாட்டிலை அப்பா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எஸ்சிட்டலோபிராம் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மருந்து. அந்தச் செரட்டோனினை உடைத்து அப்புறப்படுத்துவது எம்.ஏ.ஓ.-ஏ என்ற நொதி. மெத்திலீன் ப்ளூ அந்த நொதியை வலுவாக முடக்கிவிடும். ஒரு பக்கம் கூடிக்கொண்டே போகும், மறுபக்கம் வெளியேற வழியிருக்காது. விளைவு செரட்டோனின் சிண்ட்ரோம். வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் ஏறும், தசை விறைக்கும், கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், மனம் குழம்பும். உயிரே போகலாம். இந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரிக்கை விட்டது. அப்போது பதிவான பாதிப்புகள் பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போது ஊசியாகப் போட்டவர்களுக்கு வந்தவை. சொட்டு அளவில் வராது என்று உங்கள் தம்பி சொல்லக்கூடும். அந்தப் பாட்டிலில் ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

சின்டோபாவில் இருப்பது லெவோடோபா. எம்.ஏ.ஓ.-ஏ நொதியை முடக்கும் மருந்தோடு லெவோடோபா சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். அந்தச் சேர்க்கை கூடாது என்று மாத்திரை அட்டைக்குள் வரும் தாளிலேயே இருக்கும்.

எனக்கு இதைவிடப் பயமாக இருப்பது வேறு. விறைப்பும் நடுக்கமும் பார்க்கின்சன் உள்ளவருக்கு ஏற்கெனவே உண்டு. செரட்டோனின் சிண்ட்ரோம் ஆரம்பித்தால் வீட்டில் என்ன நினைப்பீர்கள்? நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு கூட்டிக் கொடுப்பீர்கள்.

இதைக் கொடுப்பதற்காக எஸ்சிட்டலோபிராமை நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் சொல்லாமல் அதைத் திடீரென்று நிறுத்தினால் அதற்குத் தனித் தொல்லைகள் உண்டு.

வைகைக்கரை:

நன்றி அக்கா. படித்ததும் கை உதறிவிட்டது. பாட்டிலை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டேன். அந்தக் கட்டுரைகளில் சொல்வதெல்லாம் பொய்யா? புரிந்தால்தான் தம்பியிடமும் அத்தையிடமும் பேச முடியும்.

ஆய்வகவாசி:

பொய் இல்லை. ஆனால் அந்தத் தலைப்புகளில் 'மூளை' என்று இருக்கிற இடத்தில் பெரும்பாலும் தட்டில் வளர்த்த செல் என்றோ எலி என்றோ படிக்க வேண்டும். நான் மருத்துவன் அல்ல, நரம்பு செல்களில் ஆய்வு செய்கிறவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மூளையில் நிறைய. பார்க்கின்சனில் அழிகிற பகுதியில் இரும்பும் அதிகம், அங்கே சுரக்கும், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும் தன்மையுள்ளது. 1982-ல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென்று உடல் உறைந்து பார்க்கின்சன் நோயாளிகளைப் போல ஆனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கைமாறும் தொடரின் முதல் கட்டத்தையே அடைத்துவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. ஆகவே ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுத்தால் நரம்பு செல் பிழைக்கும் என்ற எண்ணத்துக்கு அடிப்படை உண்டு.

மலேரியா மருந்துகள் இதற்குள் எப்படி வந்தன? எச்டி22 என்று ஒரு எலி நரம்பு செல் வகை இருக்கிறது. அதில் குளூட்டமேட்டை ஊற்றினால் சிஸ்டின் என்ற மூலப்பொருள் உள்ளே போகும் வழி அடைபடும், அதிலிருந்து செல் தன்னைக் காக்கச் செய்துகொள்ளும் குளூட்டாதையோன் தீர்ந்துபோகும், செல் தன் ஆக்சிஜனேற்றத்தாலேயே சாகும். குளோரோகுயின் கொடுத்தால் அந்தச் சாவு குறைகிறது என்று 2011-ல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. சிக்மா-1 என்ற ஏற்பி வழியாக அது வேலை செய்வதாகவும் சொன்னார்கள். அதற்கு முன்பே 2003-ல், குயினாக்ரின் ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகச் செயல்பட்டு பிரியான் என்ற, தவறாக மடிந்து மூளையைக் கெடுக்கும் புரதத்தின் துண்டுக்குள்ள நச்சுத்தன்மையைக் குறைக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. மக்காவ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட்டிமிசினினை வைத்து இதே மாதிரி வேலை நடந்திருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. இந்த மருந்துகள் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதே ஆக்சிஜனேற்றத்தால்தான்! சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிச்சமாகும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி அதற்கே நஞ்சு. அதனால் ஹீமைப் படிகமாக்கிப் பத்திரமாக ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாதலைத் தடுக்கிறது, ஒட்டுண்ணி தன் கழிவிலேயே வெந்து சாகிறது. ஆர்ட்டிமிசினினில் ஒரு பெராக்சைடு பாலம் உண்டு. ஹீமில் உள்ள இரும்பு பட்டதும் அது உடைந்து, அகப்பட்டதையெல்லாம் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பிறக்கின்றன. மெத்திலீன் ப்ளூ ஒட்டுண்ணியின் குளூட்டாதையோன் ஏற்பாட்டையே குலைக்கிறது.

ஒரே மூலக்கூறு ஒரு செல்லில் ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்புகிறது, இன்னொரு செல்லில் தணிக்கிறது. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, பக்கத்தில் இரும்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டீத்தர், ஆர்ட்டிமீத்தர் இரண்டையும் நாய்களுக்கும் எலிகளுக்கும் அதிக அளவில் தசையூசியாகப் போட்டபோது மூளைத்தண்டில் நரம்பு செல்கள் அழிந்தன. மனிதருக்கு மலேரியாவுக்குக் கொடுக்கும் முறையில் அப்படி வருவதாகத் தெரியவில்லை. ஆனால் "மூளையைக் காக்கும்" என்று ஒரே வரியில் எழுதப்படும் பொருளுக்கு இப்படி ஒரு மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:

மெத்திலீன் ப்ளூ என்றால் நான் பேசாமல் இருக்க முடியாது. இத்தனை வருஷம் அதைக் கையில் வைத்துப் பாடம் நடத்தியவன்.

1876-ல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ அதை உருவாக்கினார். அன்றைக்கு அது பருத்திக்கு ஏற்றும் சாயம், அவ்வளவுதான். பால் எர்லிக் அதை உயிருள்ள திசுவில் செலுத்திப் பார்த்தபோது நரம்புகள் மட்டும் தனித்து நீலமாகத் தெரிந்தன. மலேரியா ஒட்டுண்ணியும் அதே சாயத்தை ஏற்றது. சாயம் போய் ஒட்டுகிற இடத்தில் மருந்தும் போய் ஒட்டும் என்று யோசித்து, 1891-ல் பெர்லினில் எர்லிக்கும் குட்மனும் மலேரியா நோயாளிகள் இருவருக்கு அதையே கொடுத்தார்கள். குணம் தெரிந்தது. மனிதன் செயற்கையாகத் தயாரித்த ஒரு பொருளால் மலேரியாவை வைத்தியம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பேயர் ஆட்கள் அந்த அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து பாமாகுயின், குயினாக்ரின் என்று வந்து, 1934-ல் ஹான்ஸ் ஆண்டர்சாக் கையில் குளோரோகுயினில் சேர்ந்தார்கள். வைகைக்கரை தேடிப் பார்த்த பட்டியலில் உள்ள பல பெயர்கள் ஒரே வம்சம்தான். நரம்பைத் தேடிப்போய் ஒட்டுகிற குணம் மூதாதையிடமே இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேன். குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு, குளுக்கோஸ், இரண்டு மூன்று சொட்டு மெத்திலீன் ப்ளூ. அசைக்காமல் வைத்தால் நிறம் போய்விடும். குலுக்கினால் நீலம் திரும்பி வரும். குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானை வாங்கும்போது சாயம் நிறமிழக்கிறது. குலுக்கும்போது கரையும் ஆக்சிஜனுக்கு அந்த எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகிறது. வாங்கிக் கொடுக்கிற தரகு வேலை. மைட்டோகாண்ட்ரியாவிலும் இதைத்தான் செய்கிறது என்கிறார்கள். எம்.பி.டி.பி. போன்ற நஞ்சு முதல் கட்டத்தை அடைத்துவிட்டால், இது எலக்ட்ரானை அங்கிருந்து வாங்கி தொடரில் பின்னால் இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்திடம் நேராகச் சேர்க்கிறது. வழியில் சிந்துவது குறைகிறது. வீடியோக்காரர்கள் சொல்வது இந்தப் பாதியை.

மறுபாதி அதே குடுவையில் இருக்கிறது. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அளவு கூடினால் காப்பாற்ற வந்ததே சேதம் செய்ய ஆரம்பிக்கும். எந்த அளவில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதைச் சொட்டுக் கணக்கில் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, தம்பி.

இன்னொன்று. பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். நம் ஊரில் வண்ணமீன் கடைகளில் மீனுக்குப் பூஞ்சை வந்தால் விடுகிற மெத்திலீன் ப்ளூ கிடைக்கும். ஆய்வகச் சாயமாகவும் கிடைக்கும். இரண்டுமே மனிதன் குடிக்கிற தரத்தில் தயாரித்தவை அல்ல. சாயத் தரத்தில் துத்தநாக உப்பாகவே விற்பதுண்டு.

நீலக்குயில்:

எல்லோரும் பயமுறுத்தியே பேசுகிறீர்கள். நான் ஒரு வருஷமாக மெத்திலீன் ப்ளூ எடுத்துக்கொள்கிறேன். மதியத்துக்கு மேல் வரும் மந்தம் போய்விட்டது, வேலையில் கவனம் நிற்கிறது. நான் எதையும் விற்கவில்லை, அனுபவத்தைச் சொல்கிறேன்.

மனிதர்களிடம் ஆய்வே இல்லை என்பது போல் பேச்சு போகிறது. 2016-ல் டெக்சாஸில் மனிதர்களுக்குக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, நினைவாற்றல் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். காப்புரிமை முடிந்த மலிவான சாயத்தில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? அதனால்தான் பெரிய ஆய்வு எதுவும் நடப்பதில்லை. டாக்டர்கள் கைவிரித்த நோயில் குடும்பத்தார் ஒன்றை முயன்று பார்ப்பது தவறா? பார்க்கின்சனை நிறுத்த இன்றைக்கு ஒரு மருந்தாவது இருக்கிறதா?

ஆய்வகவாசி:

நீலக்குயில், உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை'தான். நோயின் ஓட்டத்தையே நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அந்த வலி புரியாமல் யாரும் இங்கே எழுதவில்லை.

டெக்சாஸ் ஆய்வைப் படித்திருக்கிறேன். கலந்துகொண்டவர்கள் 26 பேர், 22 முதல் 62 வயது வரை, எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். 280 மி.கி. ஒரே ஒரு தடவை. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் சோதனையில் சரியான விடைகள் 7 சதவீதம் கூடின. ஒழுங்காக நடத்திய சிறிய ஆய்வு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு பிற்பகலில் கவனம் கூடுவது வேறு, வருடக்கணக்கில் நரம்பு செல் சாகாமல் இருப்பது வேறு. எம்.ஏ.ஓ. நொதியை முடக்கும் பொருள் எதுவானாலும் மனநிலையில் மாற்றம் தெரியலாம். உங்கள் மந்தம் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மலிவு மருந்தை யாரும் சோதிப்பதில்லை என்பது உண்மையல்ல. எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

குயினாக்ரின்: 2001-ல் ப்ரூசினரின் ஆய்வகம், செல்களில் பிரியான் சேர்வதை இது தடுக்கிறது என்று காட்டியது. பிரியான்களுக்காக நோபல் வாங்கியவர் அவர். பிரியானால் வரும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோயில் வேறு வழியே இல்லை என்பதால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர் நீளவில்லை. மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளும் ஒரு பம்பு ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிறது. அந்த பம்பு இல்லாத எலிகளில் மூளைக்குள் நிறையவே போனது, அப்போதும் எலிகள் பிழைக்கவில்லை, மருந்துக்கு மசியாத பிரியான்கள் தலைதூக்கின.

எச்.சி.க்யூ.: நெதர்லாந்தில் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகள் 168 பேருக்குப் பதினெட்டு மாதம். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2001-ல் முடிவு வந்தது. மறதி கூடும் வேகத்தில் வித்தியாசம் இல்லை.

மெத்திலீன் ப்ளூவின் திருத்திய வடிவம் எல்.எம்.டி.எம்.: அல்சைமர் நோயாளிகள் 891 பேர், 2016-ல் முடிவு. பலன் இல்லை. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். இந்த மருந்து சிறுநீரை நீலமாக்கும், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று உடனே தெரிந்துவிடும். அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் 4 மி.கி. வீதம் தினம் இருவேளை கொடுத்தார்கள். வேறு அல்சைமர் மருந்து சாப்பிடாதவர்களிடம் நன்றாக வேலை செய்தது என்று நிறுவனம் பிறகு சொன்னது. அவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காததால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை.

மலேரியா மருந்துக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. பார்க்கின்சனுக்கு வைட்டமின் ஈ-யை 800 பேரிடம் பார்த்தார்கள், 1993-ல் பலனில்லை என்று முடிவு. கோஎன்சைம் க்யூ10-ஐ 600 பேரிடம், 2014-ல் அதே முடிவு. தட்டில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் மூளையில் தோற்பது புதிதல்ல. நோய் தெரியவரும் நேரத்தில் அந்தப் பகுதியின் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். தட்டிலோ, நஞ்சுக்கு முன்பாகவோ கூடவோதான் பெரும்பாலும் மருந்தை ஊற்றுகிறோம்.

மாலைநேரம்:

இடையில் என் கேள்வி ஒன்று. எனக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். பல வருஷமாக எச்.சி.க்யூ. சாப்பிடுகிறேன். அது சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று எங்கோ படித்தேன். உண்மையா? கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் பயம் காட்டுகிறார்கள், நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

மருந்தாளுநர் செல்வி:

நிறுத்தாதீர்கள் அம்மா. லூபஸில் எச்.சி.க்யூ.வின் பயன் நன்றாக நிரூபணமானது, நோய் கிளம்பாமல் வைத்திருப்பதே அதுதான். கண் விஷயத்தில் பயத்துக்குப் பதில் பரிசோதனை போதும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே.

வைகைக்கரை, உங்கள் அத்தைக்கு: மிச்சமிருக்கும் எச்.சி.க்யூ.வைக் கொடுக்க வேண்டாம். அது இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டும். எஸ்சிட்டலோபிராமும் நீட்டும். 68 வயதுக்காரருக்கு இரண்டையும் ஈ.சி.ஜி. பார்க்காமல் சேர்ப்பது ஆபத்து.

ஆய்வகவாசி:

நீங்கள் படித்தது 2022-ல் வந்த ஆய்வாக இருக்கும். அமெரிக்காவில் மூட்டுவாதம் உள்ள, 65 தாண்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து, எச்.சி.க்யூ. சாப்பிட்டவர்களை, அதே நோய்க்கான இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மறதி நோய் வரும் அபாயம் 8 சதவீதம் குறைவாக இருந்தது. எலிகளிலும் செல்களிலும் பார்த்து, ஸ்டாட்3 என்ற அழற்சிப் பாதையை அது அடக்குவதாகச் சொன்னார்கள். பதிவுகளை வைத்துப் பார்த்த ஒப்பீடு என்பதால் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் இந்த இழையில் பேசியவற்றில் எனக்குக் கொஞ்சமாவது ஆர்வம் தருவது இதுதான். நோய் வந்த பிறகு கொடுத்த நெதர்லாந்து ஆய்வு தோற்றது, வருவதற்கு முன்பே சாப்பிட்டவர்களிடம் லேசான பலன் தெரிகிறது. அதோடு அங்கே பேச்சு அழற்சியைப் பற்றியது, ஆக்சிஜனேற்றத்தைப் பற்றியதல்ல.

பார்க்கின்சனுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. குளோரோகுயினும் எச்.சி.க்யூ.வும் லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைக்கும். செல் தன் குப்பையைச் செரிப்பது அங்கேதான். பார்க்கின்சனில் சேரும் ஆல்ஃபா-சினுக்ளின் புரதத்தை அப்புறப்படுத்துவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆய்வகத்தில் அந்தச் செரிமானத்தை வேண்டுமென்றே நிறுத்த நாங்கள் எடுக்கும் பொருளே குளோரோகுயின்தான்.

ஜூரோங்வாசி:

இங்கே சிங்கப்பூரில் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஹார்வர்டைச் சேர்ந்த மெக்லீன் மருத்துவமனையும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வை யாரும் சொல்லவில்லையே. அமோடியாகுயின், குளோரோகுயின் இரண்டும் நர்1 என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. டோபமின் செல்கள் உருவாகவும் நிலைத்திருக்கவும் வேண்டிய புரதம் அது. பார்க்கின்சன் உண்டாக்கிய எலிகளில் அமோடியாகுயின் கொடுத்தபோது நடமாட்டம் தேறியது. இங்கே செய்திகளில் வந்தது. பார்க்கின்சனுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதானே?

ஆய்வகவாசி:

நல்ல ஆய்வு, எனக்கும் பிடிக்கும். மருந்தைவிட அது காட்டிய வழி முக்கியம். நர்1-ஐ ஒரு சிறிய மூலக்கூறால் தூண்ட முடியுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது, முடியும் என்று தெரிந்தது. அமோடியாகுயினையே வருடக்கணக்கில் கொடுக்க முடியாது. மலேரியா வராமல் தடுக்கத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்தன, கல்லீரல் கெட்டது. மூன்று நாள் சிகிச்சைக்குச் சரியான மருந்து முப்பது வருஷ நோய்க்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. அதே அமைப்பிலிருந்து பாதுகாப்பான ஒன்றைச் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த வேலை.

கோராபுட் டாக்டர்:

ஒடிசாவின் மலைப்பகுதியில் வேலை செய்கிறேன். இழை முழுவதும் படித்தேன். ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலேரியா மருந்து மூளையைக் காப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மூளை மலேரியாவில்.

வலிப்பும் மயக்கமுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு, உடைந்த சிவப்பணுவிலிருந்து சிந்திய ஹீம், அழற்சி எல்லாம் சேர்ந்து தாக்கும். ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டிசுனேட் ஊசி உடனே போட வேண்டும். முன்பு குயினைன் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா நான்கிலும் கடும் மலேரியா நோயாளிகள் 1,461 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. குயினைன் கொடுத்தவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 சதவீதம். நூற்றுக்கு ஏழு உயிர்! ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கும் மருந்து, ஒட்டுண்ணியைச் சீக்கிரம் கொன்று அந்த வழியில் மூளையைக் காக்கிறது.

ஆனால் பிழைத்த குழந்தைகள் எல்லோரும் பழையபடி ஆவதில்லை. சிலருக்குப் படிப்பில், பேச்சில், கவனத்தில் குறை தங்கிவிடுகிறது. பிரேசிலில் 2010-ல் எலிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். மூளை மலேரியா வந்த எலிகளைக் குளோரோகுயினால் பிழைக்க வைத்தார்கள், நினைவாற்றல் குறை அப்படியே இருந்தது. கூடவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் அசிட்டைல்சிஸ்டீனும் இரும்பைப் பிடித்து வைக்கும் டெஸ்ஃபெரியாக்சமினும் கொடுத்தபோது அந்தக் குறை வரவில்லை. அதாவது மலேரியா மருந்து தனியாக ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கவில்லை, வேறு மருந்து தேவைப்பட்டது. அசிட்டைல்சிஸ்டீனைக் கடும் மலேரியா வந்த பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உதவவில்லை.

ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் அது உள்ளவர்கள் அதிகம், ப்ரைமாகுயின் என்ற மலேரியா மருந்தை எழுதும்போதெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறோம். சிவப்பணு தன் ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்க அந்த நொதி வேண்டும். அது குறைந்தவர்களுக்கு ப்ரைமாகுயின் கொடுத்தாலும் மெத்திலீன் ப்ளூ கொடுத்தாலும் சிவப்பணுக்கள் உடைந்து கொட்டும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். பரம்பரையாக இருப்பவர்களில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற பொருள், இவர்கள் உடம்பில் ஆக்சிஜனேற்றத்தால் ரத்தத்தையே உடைக்கிறது. நீலச் சிறுநீர்தான் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

வைகைக்கரை:

இன்று அப்பாவின் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி அக்கா சொன்னதையே அவரும் சொன்னார், எஸ்சிட்டலோபிராமோடு மெத்திலீன் ப்ளூ கூடவே கூடாது என்று. பாட்டிலைக் கொண்டுபோயிருந்தேன். லேபிளில் எதற்கான தரம் என்றே போடவில்லை, அளவும் சதவீதமாக மட்டும் இருக்கிறது. தம்பியை இந்த இழையைப் படிக்க வைத்தேன். அந்த 891 பேர் ஆய்வைப் படித்த பிறகு பேசாமல் இருந்தான். அவனும் பெரியப்பா மேல் பாசத்தில் செய்ததுதான், அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வகவாசி ஐயா, கடைசியாக ஒன்று. மருந்து இல்லை என்றால் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஆய்வகவாசி:

உண்டு. உடற்பயிற்சி. நோய் ஆரம்பநிலையில் இருந்த 128 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், டிரெட்மில்லில் இதயத்துடிப்பு உச்சத்தின் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி வேகமாக நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் அறிகுறிகள் ஏறக்குறைய கூடவில்லை, பயிற்சி செய்யாதவர்களுக்குக் கூடியது. அதுவும் சிறிய ஆய்வுதான், ஆனால் மனிதரில், பார்க்கின்சன் உள்ளவர்களில் நடந்தது. அப்பாவின் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு எவ்வளவு வேகம் தாங்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள். விழுந்துவிடாமல் பிசியோதெரபிஸ்ட் பார்வையில் ஆரம்பிப்பது நல்லது. அப்புறம் சின்டோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றிலும் உள்ள புரதம் லெவோடோபா உள்ளே போவதற்குப் போட்டி போடும். நடுக்கம் கூடிக் குறைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

நீலக்குயில்:

செல்வி அக்கா, ஒரு சந்தேகம். மனச்சோர்வு மாத்திரை எதுவும் நான் சாப்பிடுவதில்லை. ஆனால் முதுகுவலிக்கு ட்ராமடால் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

மருந்தாளுநர் செல்வி:

வரும். ட்ராமடாலும் செரட்டோனினைக் கூட்டும். வலிப்பு வரும் அபாயமும் அதில் உண்டு. நாளைக்கு ஆரம்பிக்காதீர்கள். மெத்திலீன் ப்ளூவை இன்றோடு நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டருக்குக் காலையிலேயே போன் செய்யுங்கள். எவ்வளவு நாளாக, எத்தனை சொட்டு, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ட்ராமடால் இல்லாத வலி மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சளிக்கும் இருமலுக்கும் கடையில் வாங்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் இருந்தால் அதுவும் வேண்டாம். இதற்கிடையில் வியர்வை, படபடப்பு, கைகால் வெட்டி இழுப்பது எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.